“ஐ7 ஃபுல் செட்” 2,299 வெள்ளிக்கு வாங்கலாமா?

கேள்வி:

வணக்கம் அண்ணா. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தம்பி எஸ்.பி.எம். முடித்துவிட்டு, யு.பி.யு. மூலம் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். இதுவரை கைத்தொலைபேசியில்தான் விளையாடினான். வேலரன்ட் விளையாட ஆசை வந்தால் கூட்டாளிகளோடு சிசிக்கு (சைபர் கஃபே) போய்விடுவான். கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மானிட்டரையும் சேர்த்து 3,000 வெள்ளி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது.

முகநூலில் ஒருவர், “கேமிங் ஐ7 ஃபுல் செட், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், 600 வாட், 24 இன்ச் மானிட்டர், ஆர்ஜிபி கீபோர்டு, மவுஸ் இலவசம்” என்று 2,299 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்காரரோ, “டெஸ்க்டாப் எதற்கு? ஆர்டிஎக்ஸ் 3050 போட்ட மடிக்கணினி 3,299 வெள்ளிதான், தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். கோலாலம்பூரில் லோ யாட் கணினிக் கடைவளாகத்துக்குப் போனால் இன்னும் மலிவு என்கிறான் தம்பி. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறாள் தோழி. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எதை வாங்குவது?

– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்:

வணக்கம், தங்கச்சி. அந்த 2,299 வெள்ளி செட்டை வாங்காதீர்கள். மடிக்கணினிக்குத் தவணைக் கையெழுத்தும் போடாதீர்கள். 3,000 வெள்ளியில் தம்பி சந்தோஷப்படும்படி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துவிடலாம். அதற்கு நீங்கள் கணினி படிக்க வேண்டியதில்லை, விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஐ7 என்கிறார், எந்த ஐ7 என்று சொல்லவில்லை. 16 ஜிபி ரேம் என்கிறார், டிடிஆர்3 என்ற பழைய வகையா, டிடிஆர்4ஆ, ஒரே குச்சியா, இரண்டா என்று இல்லை. 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டுக்குப் பெயரே இல்லை. 600 வாட் பவர் சப்ளையை யார் செய்தார்கள் என்று தெரியாது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த வரியில் பிராண்டும் மாடல் எண்ணும் இல்லையோ, அந்த வரியில்தான் உங்கள் பணம் போகிறது. நல்ல பொருளைப் போட்டிருக்கும் கடைக்காரர் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார். மறைப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

முதலில் அந்த ஐ7 பிராசஸர், அதாவது கணினியின் மூளை. இன்டெல் இந்தப் பெயரை 2008 முதல் வைத்துக்கொண்டிருக்கிறது. 2011-இல் வந்த ஐ7 2600-உம் ஐ7தான், 2014-இல் வந்த ஐ7 4790-உம் ஐ7தான். இரண்டுக்கும் 4 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). இன்றைக்கு மலிவுப் பட்டியலில் இருக்கும் ஐ3 12100எஃப் அதே 4 கோரை வைத்துக்கொண்டு அவற்றை வெகு தூரம் பின்னால் விட்டுவிடும். எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிப்பது சுலபம். ஐ7-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டால் மிஞ்சுவதுதான் தலைமுறை. 4790 என்றால் நான்காம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய இயந்திரங்களை மொத்தமாக வாங்கி, கண்ணாடி வைத்த புதுப்பெட்டிக்குள் மாற்றி, கலர் கலராக விளக்குப் போட்டு விற்பது நம் நாட்டில் ஒரு பெரிய வியாபாரம். தட்டச்சு செய்ய, கணக்கு எழுத அப்படி ஒரு இயந்திரம் தாராளமாகப் போதும், நானே சிலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். கேமிங் என்று பெயர் சூட்டி விற்கும்போதுதான் கோபம் வருகிறது.

உங்கள் தம்பி விஷயத்தில் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேலரன்ட் உண்மையில் கம்ப்யூட்டருக்கு லேசான விளையாட்டு. அதை உருவாக்கிய ரயட் நிறுவனமே நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வரைவதற்கு ஜிடி 730 போன்ற பழைய கார்டு போதும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே, அந்தப் பெயரில்லாத 4 ஜிபி கார்டு ஜிடி 730-ஆகவே இருந்தாலும் வேலரன்ட் ஓடும். காலை வாரிவிடுவது கார்டு அல்ல, அந்த ஐ7. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அத்துடன் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய இயந்திரத்தில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வேலரன்ட்டின் காவல்காரன் வேன்கார்ட் என்ற மென்பொருள், விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் “வேன் 9001” என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு விளையாட விடாது. வேலரன்ட்டுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் வேலரன்ட்டைத் தவிர மற்றதெல்லாம் ஓடும் நிலை வந்துவிடும்.

அந்த விளம்பரத்தை விட்டுத்தள்ளுங்கள். இன்னும் முன்பணம் எதுவும் அனுப்பவில்லைதானே? இனி முகநூலில் யாராவது தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்தக் கணக்கு எண்ணை முதலில் மோசடிக் கணக்குகளைத் தேடிப்பார்க்கும் காவல்துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் எழுதியிருக்கிறது, அதனால் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். மடிக்கணினியில் வரும் ஆர்டிஎக்ஸ் 3050-உம் டெஸ்க்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 3050-உம் பெயரில் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் கார்டு 8 ஜிபி நினைவகத்தோடு 130 வாட் மின்சாரம் எடுக்கும். மடிக்கணினியில் பெரும்பாலும் 4 ஜிபி, மின்சாரம் 35 முதல் 80 வாட் வரை. எவ்வளவு என்பது அந்தந்த மடிக்கணினியைச் செய்தவர் முடிவு. 35 வாட்டில் ஓடுவதும் 80 வாட்டில் ஓடுவதும் வேகத்தில் ஒன்றாகாது, ஆனால் அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர். மூன்று வருடம் கழித்து விளையாட்டுகள் கனமாகும்போது டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் கழற்றி வேறு போடலாம், மடிக்கணினியில் அந்தப் பேச்சே இல்லை. போதாததற்கு, உங்கள் வரம்பைத் தாண்டி 299 வெள்ளி, அதுவும் கடனில்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மடிக்கணினிதான் சரி என்று சொல்லவேண்டிய ஒரு சூழ்நிலையும் உண்டு. தம்பி யு.பி.யு. முடிவுக்காகக் காத்திருக்கிறான் என்கிறீர்கள். பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை போலிடெக்னிக் கிடைத்து, வீட்டிலிருந்தே போய்வருவான் என்றால் டெஸ்க்டாப்தான். ஜொகூருக்கோ திரங்கானுவுக்கோ விடுதிக்குப் போகிறான் என்றால், 24 இன்ச் மானிட்டரையும் பெட்டியையும் பேருந்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது, விடுதி அறையில் அதற்கு இடமும் அனுமதியும் கிடைக்குமா என்பது அடுத்த தலைவலி. அப்படியானால் படிப்புக்கு ஒரு சாதாரண மடிக்கணினி முதலில் வேண்டியிருக்கும், கேமிங் பணம் அதற்குப் போய்விடும். ஆகவே முடிவு வரும்வரை பணத்தைத் தொடாதீர்கள். தம்பி முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். நீங்கள் வாக்குத் தவறவில்லை, தேதியைத்தான் தள்ளிப்போடுகிறீர்கள்.

வீட்டிலேயே இருப்பான் என்று முடிவானதாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எல்லாரும் பிராசஸரில் ஆரம்பிப்பார்கள். நான் மானிட்டரில் ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் மானிட்டர்தான் மற்ற எல்லாவற்றின் செலவையும் தீர்மானிக்கிறது. 1080பி என்று சொல்லும் திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். அதற்கு அடுத்த 1440பி திரையில் ஏறக்குறைய 37 லட்சம். 4கே என்றால் 1080பி-யைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் நொடிக்குப் பல தடவை வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. உங்கள் பணத்துக்கு 1080பி-தான். 24 இன்ச், ஐபிஎஸ் திரை, 144 ஹெர்ட்ஸோ (திரை நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றும் என்ற எண்) அதற்கு மேலோ. வேலரன்ட் போன்ற சுடும் விளையாட்டில் 60 ஹெர்ட்ஸுக்கும் 144-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரியும். சிசியில் அப்படிப்பட்ட திரையில் விளையாடிப் பழகியவன் வீட்டில் 60 ஹெர்ட்ஸைப் பார்த்தால் ஒரு வாரத்தில் மறுபடி சிசிக்குப் போய்விடுவான். 3,000-இல் 400 வெள்ளியை இதற்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். வளைந்த திரை, 27 இன்ச் என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள். 1080பி-யை 27 இன்ச்சில் நீட்டினால் எழுத்து சொரசொரவென்று தெரியும், வேண்டாம்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. 1,000 வெள்ளி வரை இதற்குப் போகட்டும், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. என் தேர்வு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்த கார்டுதான், புதிது என்று சொல்லமாட்டேன். ஆனால் 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம், 1080பி-யில் எந்த விளையாட்டையும் கௌரவமாக ஓட்டும் பலம். ஜிடிஏ 5 போன்றவை அதற்குப் பிரச்சினையே இல்லை. கடையில் அது தீர்ந்துவிட்டது என்றால் ஆர்எக்ஸ் 7600. விலை இடம் கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 4060-உம் நல்லது. எதை எடுத்தாலும் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3050 என்று டெஸ்க்டாப் கார்டிலேயே இரண்டு வகை உண்டு, 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் என்று கடையில் சொல்வார்கள். 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும் வேறொரு மெலிந்த கார்டு, கோர்களும் குறைவு. அடுத்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. எண்ணைப் பார்த்தால் 6600-க்கு ஒரு படி கீழே என்று தோன்றும், உண்மையில் பல படிகள் கீழே. 4 ஜிபி நினைவகம், மதர்போர்டோடு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) பேசும் பாதையும் குறுகல். இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டையும் யாராவது காட்டுவார்கள். 12 ஜிபி, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் நான் அடுத்துச் சொல்லப்போகும் விலை குறைந்த பிராசஸர்களோடு சேர்ந்தால் அது தன் முழு வேகத்தைக் காட்டாது, உங்களுக்கு ஒத்துவராது.

பிராசஸர் ஏஎம்டியில் ரைசன் 5 5600, அல்லது இன்டெல்லில் ஐ5 12400எஃப். இரண்டும் 6 கோர், 12 திரெட். எது அன்றைக்குக் கடையில் மலிவோ அது. இதைப் பற்றி இணையத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள், நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 5600-ஐக் கேட்டால் 5600ஜி-யைக் கொடுத்துவிட்டு “இது அதைவிட மேல், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது” என்பார்கள். தனிக் கார்டு போடப்போகிற உங்களுக்கு அது மேல் அல்ல. அதன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 5600-இல் இருப்பதில் பாதி, 32 எம்பிக்குப் பதில் 16. தனிக் கார்டே வேண்டாம், ஒரு வருடம் வேலரன்ட் மட்டும் போதும் என்றால் 5600ஜி நல்ல யோசனைதான், அப்போது மொத்தச் செலவே வெகுவாகக் குறையும், கார்டைப் பிறகு சேர்க்கலாம். அதையும் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். இன்டெல்லில் கடைசியில் “எஃப்” இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. அது குறை அல்ல, விலை குறைவதற்கான காரணம்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகை மதர்போர்டு வாங்கினால் எதிர்காலத்துக்கு நல்லது என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் வேண்டும், மதர்போர்டு விலையும் கூடும், அந்தக் கூடுதல் காசு உங்கள் கணக்கில் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் வரவேண்டும். எதிர்காலத்துக்காக இன்றைய விளையாட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேம்தான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. நினைவகச் சில்லுகள் செய்யும் நிறுவனங்கள் ஏஐ சர்வர்களுக்குத் தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதால், 2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. போன வருடத்துக் காணொளியில் சொல்லும் விலையை நம்பிக் கடைக்குப் போனால் அதிர்ச்சிதான். அதனால்தான் இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் விலை போடாமல் பங்கு பிரித்துச் சொல்கிறேன். 16 ஜிபி வேண்டும், இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் பிராசஸர் ஒற்றை வழியில்தான் நினைவகத்தோடு பேசும், பல விளையாட்டுகளில் ஃபிரேம் குறைவது கண்கூடாகத் தெரியும். கணக்கு உதைத்தால் எஸ்எஸ்டி சேமிப்பகத்தைக் குறையுங்கள். 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) போதும், பிறகு இன்னொன்று சேர்க்கலாம். பெட்டியைக் குறையுங்கள், விளக்கில்லாத கறுப்புப் பெட்டி ஒன்றும் அசிங்கம் இல்லை. முன்பக்கம் காற்றுப் போக ஓட்டை இருந்தால் சரி. கண்ணாடியால் முன்பக்கத்தை மூடிய பெட்டி நம் ஊர்ச் சூட்டுக்கு ஆகாது.

குறைக்கவே கூடாதது பவர் சப்ளை. அந்த விளம்பரத்தின் “600 வாட்”டுக்கு இப்போது வருகிறேன். நான் சொன்ன கார்டு 132 வாட், பிராசஸர் 65 வாட் வகை. மதர்போர்டு, விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 300 வாட்டைத் தொடாது. ஆக 600 என்ற எண்ணால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. பெட்டியோடு இலவசமாக வரும் பெயரற்ற சப்ளைகளில் ஸ்டிக்கரில் 600 என்று இருக்கும், உள்ளே பாதிகூடத் தாங்காதவை உண்டு. அவை சாகும்போது தனியாகச் சாவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்துவிட்டுப் போகும். பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze), ஐந்து வருட உத்தரவாதம் என்று கேளுங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, கோளாறு நேர்ந்தால் மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. அதனால் நான் ஸ்டிக்கரைவிட உத்தரவாத ஆண்டுகளைத்தான் நம்புவேன். ஐந்து வருடம் மாற்றித் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர் மட்டமான சரக்கைப் போடமாட்டார்.

பினாங்கில் இருந்துகொண்டு இடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாலையில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இணைய ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் வீட்டுக்குள் வருவதற்குக் கரண்ட் கம்பி ஒன்றுதான் வழி என்பதில்லை. மூன்று முள் பிளக்கின் எர்த் வேலை செய்யாத பழைய நீட்டிப்புக் கம்பியில் இதைச் சொருகவே வேண்டாம். சிரிம் தர முத்திரை உள்ள, சர்ஜ் (திடீர் மின்னேற்றம்) பாதுகாப்பு வைத்த ஒன்றை வாங்குங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தம்பி கேட்பான். வாங்கலாம். 2022 செப்டம்பர் 15-இல் எத்தேரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு, கிராபிக்ஸ் கார்டை வைத்து அந்த நாணயத்தை எடுப்பது (மைனிங்) முடிந்துபோனது. அந்த வேலையில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டது ஆகாது. விசிறியும், உள்ளே பூசிய தெர்மல் பேஸ்டும்தான் முதலில் தேயும். ஆனால் ஆர்எக்ஸ் 580 என்று மிக மலிவாக வந்தால் அது 2048எஸ்பி என்ற குறைந்த வகையா என்று பாருங்கள். அசல் 580-இல் 2304 கோர்கள். எதை வாங்கினாலும் நேரில் சந்தித்து, கணினியில் மாட்டி, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மையான பெயரைக் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் காட்ட நேரமில்லை என்கிறவரிடம் வாங்காதீர்கள். முதல் கம்ப்யூட்டர் என்பதாலும், வீட்டில் பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்பதாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கார்டைப் புதிதாகத்தான் வாங்குவேன்.

லோ யாட்டுக்குப் போவதைப் பற்றி. அங்கே கடைக்குக் கடை போட்டி இருப்பது உண்மை, கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம், போக வர டிக்கெட், சாப்பாடு என்று போட்டால் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். இரண்டு மாதத்தில் ஏதாவது கோளாறு என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே ரயில். ஜார்ஜ்டவுனில் கொம்தார் வட்டாரத்திலேயே இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். லோ யாட் கடைகள் இணையத்தில் போடும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேரம் பேச வசதி. ஷோப்பியில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் சின்னச் சின்னப் பாகங்களை எடுக்கலாம் என்று தம்பி சொன்னால், 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். உள்ளூர் உத்தரவாதமும் பெரும்பாலும் இருக்காது.

கடையில் ஒவ்வொரு பாகத்துக்கும் பிராண்ட், மாடல், விலை, உத்தரவாத ஆண்டு நான்கையும் எழுதி வாங்குங்கள். புலனத்தில் அனுப்பினாலும் சரி. சொன்ன விலை ரொக்கத்துக்கா, கடன் அட்டைக்கும் அதேதானா என்று கேளுங்கள், பல கடைகளில் இரண்டும் வேறு. விண்டோஸ் உரிமம் விலையில் அடக்கமா என்றும் கேளுங்கள், திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாத ஸ்டிக்கர் பாகத்தின் மேல் இருக்கிறதா என்று பார்த்து, அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துவந்து பத்திரப்படுத்துங்கள். எழுதிய பொருள் ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் வேறு என்று தெரியவந்து, கடைக்காரரும் கையை விரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. எப்படிப் பதிவது என்று வழிகாட்ட ஜார்ஜ்டவுனிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அந்த நான்கு விவரமும் எழுதிய தாள்தான் அங்கே உங்கள் சாட்சி.

தோழி சொன்ன வரிக் கழிவு இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் தனிப்பட்ட கணினியும் அடங்கும். அது வரி கட்டுபவரின் சொந்தப் பயன்பாட்டுக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைக்கோ வாங்கினால் மட்டும். தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாவோ அம்மாவோ வருமான வரி கட்டுபவராக இருந்து, அவர் பணத்தில் அவர் பெயரிலேயே ரசீது போட்டு மகனுக்கு வாங்கினால் அவர் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பணத்தில் வாங்கிவிட்டு ரசீதில் மட்டும் பெயரை மாற்றும் வேலை வேண்டாம்.

கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூன்றுக்கும் சேர்த்து 150 வெள்ளிக்கு மேல் போடாதீர்கள். மவுஸ் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும், மற்ற இரண்டையும் அவன் தன் சொந்தக் காசில் பிறகு மாற்றிக்கொள்வான். வீட்டில் ஃபைபர் இணையம் இருந்தால் வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். வேலரன்ட்டுக்குச் சிங்கப்பூரிலேயே சர்வர் இருக்கிறது, கேபிள் போட்டால் பினாங்கிலிருந்து தாமதம் பெரிதாகத் தெரியாது.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று தம்பியை மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மானிட்டர் கேபிள் கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்க வேண்டும். மேலே இருக்கும் மதர்போர்டு துளையில் சொருகிவிட்டு, படம் வரவில்லை என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் என்று மாற்ற வேண்டும், பல மானிட்டர்கள் முதலில் 60-இல்தான் நிற்கும், மாற்றாமலே வருடக்கணக்காக விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கிவிட வேண்டும், இல்லையென்றால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ரேம் 2666-லோ அதற்கும் கீழேயோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸைத் தொடப் பயமாக இருந்தால், பணம் கட்டும் முன்பே கடையிலேயே அதைச் செய்து, செக்யூர் பூட்டையும் இயக்கி, வேலரன்ட் திறக்கிறதா என்று காட்டச் சொல்லிவிடுங்கள்.